இன்னும் சொல்லலையேம்மா

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மனசு லேசாகும், மற்றதைத் தடங்கலில்லாமல் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். ஒப்புக்கொண்டாயிற்று. லேசாகவில்லை.

எங்கள் பிரார்த்தனை மண்டபத்தில் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் அரை மணி நேரம் பேசுவார். போன மாதம் என் முறை. "முன்பின் தெரியாதவருக்கும் ஒரு வணக்கம்" என்று தலைப்பு வைத்துக்கொண்டேன். கடவுள் தினமும் காலையில் நம் ஒவ்வொருவரையும் தட்டி எழுப்புகிறார், நாமோ படிக்கட்டில் எதிரே வருகிறவருக்கு ஒரு வார்த்தை கொடுக்க யோசிக்கிறோம் என்று ஆரம்பித்து, நன்றாகவே பேசினேன். இரண்டு இடத்தில் சிரித்தார்கள். ஓரிடத்தில் முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (தூசியாகவும் இருக்கலாம். அன்று நான் அப்படி நினைக்கவில்லை.)

பேச்சு முடிந்து காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். பத்து நிமிடம் பேசினார். தான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பதாகவும், அங்கே நடந்த ஒன்றை யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றும், என் பேச்சைக் கேட்டதும் சொல்லலாம் என்று தோன்றியதாகவும் சொன்னார். நடந்ததைச் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு நான் சொன்ன பதில் இது:

"அருமையான கதைம்மா. இதை எழுதலாம்."

அவர் என்னைப் பார்த்தார். "கதை" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் என் எதிரே வந்து நின்றபோது நான் வணக்கம் சொன்னேனா என்பது நினைவில்லை.

(பொய். நினைவிருக்கிறது. சொல்லவில்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "வெயில் ஒருநாளும் எட்டிப்பார்க்காத அந்தக் கீழ்த்தளத்தில், மனிதர்களின் உள்ளே பார்க்கிறவள் ஒருத்தி, வெளியே பார்க்க மறந்—"

நிறுத்திவிட்டேன். ஓசை நன்றாக இருக்கிறது, அதுதான் கோளாறு. தவிர, நேரில் 'அம்மா' என்று கூப்பிட்டவரைத் தாளில் 'ஒருத்தி' ஆக்கிவிட்டேன். பேனா கையில் வந்தால் மரியாதை எங்கே போகிறது என்று தெரியவில்லை.

இரண்டாவது: "நெஞ்சு என்பது—"

இதற்கு மேல் எழுதாததற்குக் கடவுளுக்கு நன்றி.

மூன்றாவது, அவர் சொன்ன மாதிரியே:

அவர் எக்ஸ்ரே எடுப்பவர். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், படியிறங்கி நாற்பது எட்டு வைத்தால் கடைசி அறை அவருடையது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் அந்த அறைக்குள் வந்து போவார்கள். எல்லாரிடமும் அவர் பேசுவது ஒரே பேச்சு. "தாடையை மேல வைங்க. தோளை முன்னால தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. விடுங்க." இருபது வருடமாக இதையே சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் சொல்வதாக அவர் வீட்டுக்காரர் கேலி செய்வாராம். மருத்துவமனை முழுக்க அவருக்கு 'மூச்சம்மா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அவருக்குத் தெரியும்.

மூச்சம்மா கெட்டவர் இல்லை. நோயாளி ஒருவரைக்கூட அவர் கையைப் பிடித்து இழுத்ததில்லை. படம் பிடிக்கிற தட்டின் குளிர் வெற்று உடம்பில் படுமே என்று, வயதானவர்களுக்குத் தன் உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் நிற்கச் சொல்வார். ஆனால் ஆள் மாறுவது மட்டும் அவர் கண்ணில் படாது. நெஞ்சு, முதுகு, முழங்கால், மறுபடி நெஞ்சு.

காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் படியிறங்குவார். அந்த நேரம் கீழ்த்தள நடையைத் துடைத்துக்கொண்டிருப்பார் ஒரு துப்புரவுக்காரர். நீலச் சட்டை, நீலத் தொப்பி, மூக்கிலிருந்து தாடை வரை மாஸ்க். மூச்சம்மா வருவதைப் பார்த்ததும் துடைப்பானை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்குவார். "வணக்கம்மா" என்பார். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, கதவை மெல்லச் சாத்துவது போல.

மூச்சம்மா தாடையை ஒரு விரற்கடை உயர்த்துவார். போய்விடுவார்.

ஒன்றரை வருடம்.

இதைத் திமிர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை மிச்சம், உங்களுக்கும் நிம்மதி. நாம் திமிர் பிடித்தவர்கள் இல்லையே. ஆனால் அது திமிர் இல்லை. சாவி எங்கே, இயந்திரம் சூடாக எவ்வளவு நேரம், முதல் பட்டியலில் சக்கர நாற்காலிக்காரர்கள் எத்தனை பேர் என்று அவர் மனசு அவருக்கு முன்னாலேயே அறைக்குள் போயிருக்கும். நடையில் வருவது உடம்பு மட்டும்தான். உடம்பு தாடையைத் தூக்கும். அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

3

ஒரு நாள், பதினோரு மணிக்கு மேல். நாற்பத்தொன்றாம் எண்.

மூச்சம்மா திரையில் முந்தைய படத்தை அனுப்பிக்கொண்டே, "நாப்பத்தொண்ணு, வாங்க. சட்டையைக் கழட்டிட்டு அந்தத் தட்டுக்கு முன்னால நில்லுங்க" என்றார். ஒருவர் வந்து நின்றார். சீட்டில் 'இடது விலா, வழுக்கி விழுந்ததால்' என்று எழுதியிருந்தது. மூச்சம்மா பின்பக்கமாக வந்து தோளைச் சரிசெய்தார், தாடையைத் தூக்கி வைத்தார். எல்லாம் முதுகுப் பக்கமிருந்து. ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார்.

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க."

சரியாக நிற்கிறாரா என்று கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார். ஓரக்கண்ணில் பட்ட அந்தப் பார்வையைத் தன்னைப் பார்த்த பார்வை என்று அந்த மனிதர் எடுத்துக்கொண்டார். கழுத்தைத் திருப்பினார்.

"வணக்கம்மா."

பொத்தான் அமுங்கியிருந்தது. படம் கலங்கிப் போயிற்று.

"ஏங்க, பேசக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார் மூச்சம்மா. "வெளியில எத்தனை பேரு உக்காந்திருக்காங்க பாருங்க. இப்ப மறுபடியும் எடுக்கணும். வணக்கமெல்லாம் வெளியில வச்சுக்கங்க."

"தப்புதாம்மா."

"திரும்புங்க. தாடை மேல. மூச்சை இழுங்க. பிடிங்க."

இந்த முறை படம் சுத்தமாக விழுந்தது. அந்த நேரம் பார்த்து டோக்கன் கொடுப்பவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "அக்கா, மூணாவது மாடிலேர்ந்து ஸ்ட்ரெச்சர் ஒண்ணு வருதாம். முன்னாடி விடலாமா?"

"இப்பவா? இதோ இந்த வரிசை முடியட்டும்னு சொல்லு."

"சொன்னேன். சத்தம் போடறாங்க."

"அவங்க சத்தம் போட்டா நீயும் போடு. அதுக்குத்தானே உன்னை அங்க உக்கார வச்சிருக்கு."

பேசிக்கொண்டே மூச்சம்மா படத்துக்கு எண் போட்டார், இடது பக்கம் என்று குறித்தார், அனுப்பினார். அடுத்த சீட்டை எடுத்தபடி நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த முதுகு இன்னும் நின்றுகொண்டிருந்தது. தோள்கள் நடுங்கின. காது மடல் சிவந்திருந்தது.

"என்னங்க இது? மூச்சை விடலையா இன்னும்?"

அவர் விட்டார். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டு, வலியோடு விட்டார். பிறகு சொன்னார்:

"நீங்க இன்னும் சொல்லலையேம்மா."

டோக்கன் கொடுப்பவர் சிரித்துவிட்டார். மூச்சம்மாவும் சிரித்தார். எண் நாற்பத்தொன்று, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு சட்டையைப் போட்டார். தானும் சிரித்தாரா தெரியாது.

"நாப்பத்திரண்டு."

4

மறுநாள் காலை நடை ஈரமாக இருந்தது. வேறு யாரோ துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூச்சம்மா தன் அறைக் கதவு வரை போய் நின்றுவிட்டார். எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. பையைத் திறந்து பார்த்தார். சாவி, மூக்குக் கண்ணாடி, போன், சாப்பாட்டு டப்பா. எல்லாம் இருந்தது. குடையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதுவும் இருந்தது.

பத்தரை மணிக்கு ஒரு கிழவரைத் தட்டின் முன் நிற்கவைத்து, "இழுங்க, பிடிங்க" என்று சொன்னவர், "விடுங்க" என்று சொல்லப் போகும்போதுதான் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. கடைசி எழுத்தை இழுக்கிற குரல். கதவை மெல்லச் சாத்துகிற குரல்.

கிழவரிடம் "விடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.*

* அவர் என்னிடம் சொன்னபோது இந்த இடத்தில், "விடுங்கன்னு சொல்லிட்டுத்தாங்க ஐயா உக்காந்தேன்" என்று இரண்டு தரம் சொன்னார். அப்போது அது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

மதிய இடைவேளையில் நாற்பத்தொன்றின் படத்தைத் திரையில் திறந்தார். இதயத்தின் நிழல் தெரிந்தது. நுரையீரல் இரண்டும் சுத்தம். தோள்பட்டை எலும்பு எப்போதோ ஒடிந்து கூடியிருந்தது. ஏழாவது விலாவில் மயிரிழை போல ஒரு கீறல். அந்தக் கீறலோடுதான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதுவும் இரண்டு தரம்.

வேறெதுவும் தெரியவில்லை. அவருடைய விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மூக்கு எப்படி இருக்கும் என்று மூச்சம்மாவுக்குத் தெரியாது. நடையில் மாஸ்க் போட்டிருந்தார், இங்கே முதுகைக் காட்டி நின்றார், கழுத்தைத் திருப்பின ஒரு நொடி மூச்சம்மா பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

இங்கே ஒரு வாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் எழுதிய முதல் பிரதியில் ஒரு வாளி இருந்தது. அன்று காலை மூச்சம்மாவுக்கு வழிவிட ஒதுங்கும்போதுதான் அந்த மனிதர் ஈரத்தில் வழுக்கி விழுகிறார், வாளி உருளுகிற சத்தம் கேட்டும் மூச்சம்மா திரும்பிப் பார்க்காமல் போகிறார் என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு அடைத்தது. பெருமையாகவும் இருந்தது.

என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் முழுவதும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

"இந்த வாளியை அந்தம்மா சொன்னாங்களா?"

"இல்லை. வழுக்கி விழுந்தார்னு சீட்டில இருந்துதாம். எங்கேன்னு தெரியாதாம்."

"அப்ப இது?"

"நான் சேர்த்தது. அழுத்தமா இருக்கட்டும்னு."

"ஏற்கனவே கூனிக் குறுகிப் போய் உங்ககிட்ட வந்து நிக்கறாங்க. நீங்க அவங்க தலையில ஒரு வாளியையும் கவுத்தி அனுப்பறீங்க."

"கதைன்னா அப்படித்தான் கொஞ்சம்..."

"ஏங்க, பதில் வணக்கம் சொல்லாததுக்கு ஒருத்தர் எலும்பு உடையணுமா? உடையலைன்னா அது தப்பில்லையா?"

அவள் மண்டபத்தில் பேச வந்ததில்லை. நல்லவேளை, அரை மணி நேரம் நான் பேசியதை ஒரு வரியில் முடித்திருப்பாள்.

வாளியை எடுத்துவிட்டேன். அதன் சத்தம் உங்களுக்கு இன்னும் கேட்டால், அது நான் செய்த பிழை.

"இன்னொண்ணு" என்றாள். "அந்தத் துடைக்கிறவரு இந்தக் கதையில மொத்தம் நாலே தடவை வாயைத் திறக்கறாரு. நாலும் பணிஞ்சு போற பேச்சு. நீங்களும் அவரு மூஞ்சியைப் பாக்கலை, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஒரு முகம் கொடுத்துப் பார்த்தேன். நரைத்த மீசை, இரக்கமுள்ள கண்— அடித்தேன். எல்லாக் கதையிலும் ஏழைகளுக்கு நாங்கள் மாட்டிவிடுகிற கண் அது. அவர் கோபக்காரராக இருக்கலாம். நன்றாகச் சீட்டாடுபவராக இருக்கலாம். மாஸ்க்குக்குப் பின்னால் தினமும் மூச்சம்மாவைப் பார்த்துப் பழிப்புக் காட்டியிருக்கலாம். அப்படியிருந்தால் எனக்குச் சந்தோஷம்.

6

மூச்சம்மா நான்காம் நாள் துப்புரவு மேற்பார்வையாளரைத் தேடிப் போனார். வாளிகளும் துடைப்பான்களும் அடுக்கிய சின்ன அறை. அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மூச்சம்மா சீட்டில் இருந்த பெயரைச் சொன்னார்.

"அந்தப் பேர்ல யாரையும் தெரியலையேம்மா. கான்ட்ராக்ட் ஆளுங்க. உண்மைப் பேரெல்லாம் கம்பெனி ஆபீஸ்ல இருக்கும். இங்க கூப்பிடற பேருதான். நெட்டையா, குட்டையா?"

மூச்சம்மா யோசித்தார். "தெரியலை."

"ஒல்லியா, பருமனா?"

எலும்புகள்தான் ஞாபகம் வந்தன. "தெரியலைங்க. மாஸ்க் போட்டிருப்பாரு."

"எல்லாரும்தான் போட்டிருக்காங்க."

"கீழ்த்தளத்துல இருந்தாரு. காலையில பாத்தா வணக்கம் சொல்வாரு."

மேற்பார்வையாளர் சிரித்தார். "அதுவும் எல்லாரும்தாம்மா சொல்றாங்க. நீங்கதான்..."

நிறுத்திக்கொண்டார். தேநீரை ஒரு வாய் குடித்தார். அந்த வாக்கியத்தை நானும் முடிக்கவில்லை. மூச்சம்மா அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார் என்று மட்டும் சொல்கிறேன்.

"ஏம்மா, ஏதாவது எடுத்துட்டானா? மரியாதையில்லாம நடந்துக்கிட்டானா? ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. யாருன்னு விசாரிச்சு நாளைக்கே நிறுத்திடறேன்."

"ஐயோ, இல்லை" என்று சொல்லிவிட்டு மூச்சம்மா கிட்டத்தட்ட ஓடிவந்தார். இனி யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் அது புகார். ஒருவரைப் பற்றி விசாரித்தால் அது அவருக்குக் கெடுதலாகத்தான் முடியும் என்கிற இடத்தில்தான் இருபது வருடமாக வேலை பார்க்கிறோம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

துப்புரவு ஆட்கள் இருபத்து மூன்று பேர். அந்த மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர்களுக்குத் தளம் மாற்ற ஆரம்பித்திருந்தார்கள். விலா கூடி அந்த மனிதர் திரும்பி வந்தால் எந்த மாடியில் வருவார், எந்த மாஸ்க்குக்குப் பின்னால் இருப்பார் என்று தெரியாது. திரும்பி வந்துவிட்டாரா என்றுகூடத் தெரியாது.

யாரென்று தெரியாவிட்டால் என்ன செய்வது? எல்லாருக்கும் சொல்ல வேண்டியதுதான்.

முதல் வணக்கம், மறுநாள் படிக்கட்டில், ஒரு பெண்ணுக்கு. (அவர் பெண் என்று நன்றாகவே தெரிந்தது. பழகிக்கொள்வதற்காகச் சொன்னாராம்.) அந்தப் பெண் துடைப்பதை நிறுத்திவிட்டு, "எங்கம்மா கொட்டிருச்சு?" என்றார்.

"ஒண்ணும் கொட்டலை. சும்மா. வணக்கம்."

"சும்மாவா?" அந்தப் பெண் அவர் கையில், காலடியில் எல்லாம் பார்த்தார். எங்கேயோ ஏதோ கொட்டியிருக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது ஆள், தன் பின்னால் யாராவது டாக்டர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தார். மூன்றாவது ஆள், "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையேம்மா?" என்றார். நான்காவது ஆள் தொப்பியைக் கழற்றினார். மூச்சம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது, அவசரமாக லிப்டுக்குள் போய்விட்டார். பிறகு லிப்டில் போவதையே விட்டார். லிப்டில் யாரும் துடைத்துக்கொண்டிருப்பதில்லை.

ஒவ்வொரு வணக்கத்துக்குப் பிறகும் கொஞ்சம் நின்று காதைக் கொடுப்பார். பதில் வரும். அந்த இழுப்பு இருக்கிறதா என்று கேட்பார். சிலதில் இருக்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் மூன்று குரலில் இருந்தது. அடுத்த நாள் ஒன்றிலும் இல்லை.

மூன்று வாரம் போயிற்று. இப்போது அவர்கள் முந்திக்கொண்டார்கள். படியிறங்கும்போதே மேலிருந்து ஒரு வணக்கம் வரும். முதல் மாடிப் பெண், "இன்னிக்கு என்னம்மா கொட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு மாஸ்க்குக்குள் சிரிப்பார். மூச்சம்மாவின் முகத்தைப் பார்த்து டோக்கன் கொடுப்பவர், "என்னக்கா, சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்றார். நோயாளிகளிடமும் அது தொற்றிக்கொண்டது. "நாப்பத்தொண்ணு" என்று கூப்பிட்டபின், வாய் தானாக "வணக்கம், வாங்க" என்றது. வேலை ஒன்றும் தாமதப்படவில்லை. மூச்சை நன்றாகப் பிடிக்கிறார்கள், படம் முதல் தடவையே விழுகிறது என்றார். காலையில் வேலைக்குப் போக வேண்டுமென்று அவருக்குத் தோன்றியது, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

இதைச் சொல்லும்போதுதான் மண்டபத்தில் அவர் குரல் தாழ்ந்தது. அந்தக் கேள்வியும் அப்போதுதான் வந்தது.

"வெக்கமா இருக்குங்க ஐயா. சொல்றது அந்த ஒருத்தருக்காக. அவருக்குப் போய்ச் சேந்துதா தெரியலை. ஆனா சந்தோஷம் மட்டும் எனக்கு வந்துட்டிருக்கு. அவரு விலா வலியில நின்னதுல எனக்கு இப்படி ஒரு நல்லது. இது நியாயமா? நான் என்ன செய்யட்டும்?"

அதற்குத்தான், வாசகரே, நான் "அருமையான கதைம்மா" என்றேன்.

7

முடிவுகள்.

(அ) ஒரு காலை, கீழ்த்தளத்தில் நீலத் தொப்பிக்காரர் ஒருவர் ஒதுங்கி நிற்கிறார். மூச்சம்மா வணக்கம் சொல்கிறார். அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டு, "நான்தாம்மா அது" என்கிறார். எழுதி முடித்தபோது யாரோ அழுதார்கள். பார்த்தால் நான்தான். இதைக் கிழித்துவிட்டேன். ஒன்றரை வருடம் அந்த மனிதர் வழிவிட்டு ஒதுங்கினார். போதாதென்று, கதையின் கடைசியிலும் அவரே வந்து மன்னிப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா? அதுவும் ஒரு துடைக்கிற வேலைதானே.

(ஆ) அவர் எப்போதோ திரும்பி வந்துவிட்டார். தினமும் மூச்சம்மாவுக்குப் பதில் வணக்கம் சொல்கிறவர்களில் அவரும் ஒருவர். ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வலிகள் இருக்கின்றன. எக்ஸ்ரே அறையில் யாரோ அதட்டினார்கள், வீட்டுக்குப் போய் வலிக்காத பக்கம் படுத்துத் தூங்கினார், அவ்வளவுதான். இது உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நம் குற்ற உணர்ச்சிகூட நம்மைக் கொஞ்சம் பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிறது.

(இ) அவர் திரும்பி வரவே இல்லை. கம்பெனி வேறு—

இதை என்னால் எழுத முடியவில்லை. எழுதினால் நடந்துவிடுமோ என்று பயம். சின்னப்பிள்ளைத்தனம்தான். அன்றிரவு பிரார்த்தனையில் அவருக்காகக் கேட்டுக்கொண்டேன். பெயர் தெரியாமல் 'அந்த நாற்பத்தொன்று' என்றேன். கடவுளுக்குப் புரிந்திருக்கும். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது.

8

முடிவைத் தேடாமல், கேள்வி கேட்டவரைத் தேடலாம் என்று கிளம்பினேன். கேள்விக்குப் பதில் கதையில் இல்லை, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது என்று இத்தனை காகிதம் வீணான பிறகு புரிந்தது.

அவர் பெயர் தெரியாது. எந்த மருத்துவமனை என்று கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே எடுக்கிற மருத்துவமனைகள் இந்த ஊரில் ஐந்து இருக்கின்றன. முதலாவதில் டோக்கன் கொடுக்கிற இடத்தில், "எங்கே வலி?" என்றார்கள்.

"வலி இல்லை. எக்ஸ்ரே எடுக்கிற அம்மாவைப் பார்க்கணும்."

"பேரு?"

"தெரியாது." (பட்டப்பெயர் தெரியும். முதுகுக்குப் பின்னால் சொல்வதை அங்கே சொல்ல வாய் வரவில்லை.)

"எப்படி இருப்பாங்க?"

நான் யோசித்தேன். பத்து நிமிடம் என் எதிரே நின்று பேசியவர். கைப்பை ஞாபகம் இருக்கிறது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது, கதைக்கு வேண்டுமே. முகம்?

"ஏன் சார், ஏதாவது புகாரா?" என்றார்கள்.

ஐயோ, இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவதில் அன்று பணியில் இருந்தவர் ஓர் ஆண். மற்ற மூன்றுக்கும் போவேன். ஆனால் எனக்கும் வயதாகிறது, கதையையும் இன்றைக்குப் பத்திரிகைக்குக் கொடுத்தாக வேண்டும். அதனால் மீதியை உங்களிடம் விடுகிறேன். இது கதை உத்தி இல்லை, உதவி கேட்கிறேன்.

என்றைக்காவது உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இருமலோ விலா வலியோ வரும். வரவேண்டாம், ஆனால் வரும். படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போவீர்கள். வழியில் துடைத்துக்கொண்டிருப்பவர் ஒதுங்கி நிற்பார். அவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், நாற்பத்தொன்றாகவும் இருக்கலாம். என்ன செய்வது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு உங்கள் எண்ணைக் கூப்பிடுவார்கள். நெஞ்சில் தட்டு குளிரும். ஒரு பெண் குரல் மூச்சை இழுக்கச் சொல்லும், பிடிக்கச் சொல்லும். அப்போது எதுவும் பேசாதீர்கள், படம் கெட்டுப்போகும். "விடுங்க" என்று சொன்னதும் விடுங்கள். சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி, தயவுசெய்து, அவர் முகத்தைப் பாருங்கள். நெற்றி எப்படி, கண் எப்படி என்று பாருங்கள். எனக்காகவும் சேர்த்து.

வணக்கம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மண்டபத்தில் பேசின ஆள் தாமதமாக அனுப்பிய பதில் என்று இதைச் சொல்லுங்கள்: "அந்தச் சந்தோஷம் நீங்க யார்கிட்டயிருந்தும் எடுத்தது இல்லைம்மா. நீங்களும் ரொம்ப நேரமா பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. விடலாம்."

அவர் "என்னங்க?" என்று விழிக்கலாம். அவர் வேறு யாராவதாக இருக்கலாம். அப்படியானாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள். காலையிலிருந்து எல்லாருக்கும் "விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பவர். அவருக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்.